விருந்தாளிக்கு அரண்மனை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாஹா நகரில், மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தும் இடம் 2010 வரை பேஸ்பால் மைதானமாக இருந்தது. மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த பகுதியை மட்டும் சின்ன நினைவிடமாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஆள் வராமல் பாழடைந்த மைதானம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி ஆண்டிலும் கல்லூரிப் போட்டிக்குக் கூட்டம் அலைமோதியது.

1948இல் திறக்கப்பட்ட அந்த ஸ்டேடியத்துக்கு, மேயராக இருந்த ஜானி ரோசன்பிளாட்டின் பெயரை 1964இல் சூட்டினார்கள். அதில் இரண்டு குடித்தனங்கள். ஒன்று, 'காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்' என்னும் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி. 1950 முதல் (கோவிட் வந்த 2020 நீங்கலாக) ஆண்டுதோறும் ஒமாஹாவில்தான் நடக்கிறது. மற்றது, உள்ளூரின் மைனர் லீக் அணி. மைனர் லீகை நாற்றங்கால் எனலாம். பெரிய அணிகள் தங்கள் இளைஞர்களைச் சம்பளம் கொடுத்துச் சிறு நகரங்களில் ஆடவிடும். தேறியவர்களை மேலே அழைத்துக்கொள்ளும். 1969 முதல் ஒமாஹா, சுமார் 300 கி.மீ. தொலைவில் இருக்கும் கான்சாஸ் சிட்டி ராயல்ஸின் நாற்றங்கால். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஜார்ஜ் பிரெட் 1973இல் இங்கே ஆடியவர்தான். நன்றாக ஆடுகிறவன் ஊரைவிட்டுப் போய்விடுவான் என்று தெரிந்தே கைதட்டுகிறவர்கள் மைனர் லீக் ரசிகர்கள்.

ஜூன் மாதம் வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். கல்லூரி அணிகள் வந்து இறங்க, சொந்த ஊர் அணி மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்விடும். கோடையெல்லாம் மர மட்டையின் சத்தம் கேட்ட மைதானத்தில் அந்த நாட்களில் மட்டும் மாணவர்களின் உலோக மட்டை கணீரென்று ஒலிக்கும். டிவி கேமராக்கள் வருவதும் அப்போதுதான். நம் ஊரில் ஒருநாள் போட்டிக்கு டிக்கெட் கிடைக்காது, அதே மைதானத்தில் ரஞ்சி ஆட்டத்துக்குக் காக்கைதான் வரும். நாம் யாரையும் குறை சொல்ல முடியாது.

கல்லூரிப் போட்டி கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை ஒமாஹாவுக்கு இருந்தது. சுமார் 13 கோடி டாலர் செலவில், நகரின் மையத்தில் 24,000 பேர் உட்காரும் புதிய ஸ்டேடியம் 2011இல் எழுந்தது. பதிலுக்கு 2035 வரை போட்டி ஒமாஹாவிலேயே நடக்கும் என்று ஒப்பந்தம். வியாபாரக் கணக்கில் இதில் தவறு காண முடியாது. ஆனால் சில ஆயிரம் பேர் வரும் மைனர் லீக் ஆட்டத்துக்கு அவ்வளவு பெரிய இடம் எதற்கு? உள்ளூர் அணி 'ஸ்டார்ம் சேஸர்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, பக்கத்து மாவட்டத்தில் கட்டிய சிறிய வெர்னர் பார்க்குக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு வாரம் தங்கும் விருந்தாளிக்கு அரண்மனை. கோடை முழுதும் ஆடும் வீட்டுப்பிள்ளைக்கு ஊர் எல்லை. ரோசன்பிளாட்டை 2012இல் இடித்தார்கள்.

அங்கே நடந்த கடைசிக் கல்லூரி இறுதிப் போட்டியில், 11ஆவது இன்னிங்ஸில், தென் கரோலினாவின் விட் மெரிஃபீல்ட் அடித்த அடியில் யு.சி.எல்.ஏ. தோற்றது. மைதானமே எழுந்து நின்றது. ராயல்ஸ் எடுத்துக்கொண்ட மெரிஃபீல்ட், 2014இல் மறுபடி ஒமாஹாவுக்கு வந்தார், ஸ்டார்ம் சேஸர்ஸ் ஆட்டக்காரராக. மேலே போக அவருக்கு 2016 மே மாதம்வரை ஆனது. 2018லும் 2019லும் அமெரிக்கன் லீகில் மிக அதிக ஹிட்கள் அடித்தவர் அவரே.

ஒமாஹாவிலேயே பிறந்த பாப் கிப்சனின் கதை வேறு. உள்ளூர் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடிய கறுப்பின மாணவர். பயணங்களில் சக மாணவர்கள் தங்கிய ஹோட்டலில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டதும் உண்டு. 1957இல், அப்போது ஊரின் மைனர் லீக் அணியாக இருந்த ஒமாஹா கார்டினல்ஸுக்காக, பின்னாளில் ரோசன்பிளாட் ஆன அதே மைதானத்தில் பந்து வீசினார். 1968இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு ஆடியபோது, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.12 ரன்தான் கொடுத்தார். அந்த ஆண்டு பந்துவீச்சாளர்களின் கை அத்தனை ஓங்கியிருந்ததால், அவர்கள் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். ஓய்வுக்குப் பின்னும் ஒமாஹாவிலேயே வாழ்ந்து 2020இல் காலமானார்.

அவருக்கு 2013இல் சிலை வைத்தார்கள், வெர்னர் பார்க்கின் வாசலில். அங்கே அவர் ஒரு பந்துகூட வீசியதில்லை. வீசிய இடத்தில் கார்கள் நிற்கின்றன.