டேர்னிடின் சேரின் வகுப்பு

டேர்னிடின் போல எழுத்துத் திருட்டைக் காட்டும் மென்பொருள் மாணவரைப் பிடிக்க வந்ததல்ல, அவருக்குக் கற்பிக்க வந்த கருவி. வரைவைத் தானே ஏற்றிப் பார்த்துப் பிள்ளை திருந்திக்கொள்ளும். செயலமர்வு தவறாமல் வருடக்கணக்காக இதையே கேட்டுக் காது புளித்துவிட்டது.

மேற்கோள் காட்டப் பழக்கும் என்பது முதல் வாதம். ஆங்கில மொழிமூலம் இஸ்லாமியக் கற்கை படிக்கும் மாணவி ஒருத்தி, குர்ஆன் வசன மொழிபெயர்ப்பை சூரா எண், வசன எண்ணோடு எழுதுகிறாள் என்று வையுங்கள். அறிக்கையில் அத்தனையும் நிறம் பூசி வரும். மேற்கோளைக் கழித்துப் பார்க்க வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; அதைத் தட்டிப் பார்க்கிற சேர்மார் எத்தனை பேர்? சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு வா என்றால் அவள் என்ன செய்வாள்? அல்லாஹ்வின் வசனத்துக்கு ஒத்தசொல் தேடுவாள். கற்றலாம்!

சதவீதம் குறைந்தால் எழுத்துச் சுத்தமாம். இதற்குக் கொஞ்சம் ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும். கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைக்குடிப் பக்கம் தமிழ் ஆய்வேடுகள் இன்னும் டைப்செட்டிங் கடையில் பாமினி எழுத்துருவில் அடிபடுகின்றன. பாமினி தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. கண்ணுக்கு 'அம்மா'; கோப்புக்குள் கிடப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இணையத்தில் யூனிகோட்டில் உள்ள கட்டுரையை அப்படியே உருவி, எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாமினியாக்கிவிட்டால் மென்பொருளுக்கு இரண்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒப்புமை பூச்சியம். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து அடித்தாலோ கேட்கவே வேண்டாம். எண்பதுகளில் இந்தக் கிழக்குக் கரையில் அச்சான சிறுநூல்களை எந்தத் தரவுத்தளம் கண்டது? களவெடுத்தவன் பூச்சியம் போட்ட அறிக்கையோடு பைண்டிங் கடைக்குப் போய்விட்டான். வசனத்துக்கு எண் போட்டவள் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

எல்லை வகுத்தால் ஒழுக்கம் வருமாம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனையில்லை என்று விதித்தது. 9 சதவீதம் எடுக்கலாம் என்றுதானே பிள்ளை படிக்கும்?

செயற்கை நுண்ணறிவு எழுதியதையும் பிடிக்குமாம். அந்த வசதியை 2023 ஏப்ரலில் டேர்னிடின் கொண்டுவந்தது. ஓகஸ்டிலேயே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதை நிறுத்தியது. அதே வருடம் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இதே வேலை செய்யும் வேறு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாமே எழுதிய டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதும் எங்கள் பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தனை பேர் எழுதியதை ஒரு விரிவுரையாளர் எப்படி வாசிப்பார் என்பதுதான் மிச்சம். அதுதான் உள்ள காரணம் என்றால் இன்னோர் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதுங்கள். "இந்தப் பந்திய எங்க படிச்சீங்க மகள்?" என்று மேசைக்கு எதிரே இருத்திக் கேட்க அந்த ஆள் போதும்.