ஒரே வீடு, நாலு வருமானம்

"தம்பி, இதுல எது உண்மை?"

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், தங்கச்சியின் கல்விக்கடனுக்காக வங்கியில் போய் உட்கார்ந்திருந்தபோது அங்கிருந்த அதிகாரி கேட்ட கேள்வி இது. அவர் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று வருமானச் சான்றிதழ். அதில் எங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். இன்னொன்று அப்பா பெயரில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு. அதில் 3,60,000 ரூபாய். ஒரே அப்பா, ஒரே வருஷம், ஒரே ஃபைல்.

நான் பி.காம். மூன்றாம் வருஷம். டிரையல் பேலன்ஸில் பத்து ரூபாய் இடித்தால்கூட விடாமல் தேடுகிற ஆள். அன்றைக்கு என் வீட்டுக் கணக்கே இடித்தது. பதில் சொல்லத் தெரியாமல், "நாளைக்கு வர்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பா ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறார். கடனில் வாங்கிய வண்டி. சந்தைக்குக் காய்கறி, கட்டட வேலைக்கு டைல்ஸ், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் என்று எது வந்தாலும் ஏற்றுவார். வாடகை பெரும்பாலும் கையில் காசாக வரும். அம்மா வீட்டிலேயே தையல். இரண்டு பேருக்கும் சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று போய்த் தாசில்தார் அலுவலகத்தில் முடியும். ஆண்டு வருமானம் என்கிற கட்டத்துக்கு வந்ததும், தட்டச்சு செய்தவர் அப்பாவைப் பார்த்து, "எவ்வளவுங்கண்ணா போடறது?" என்றார். அப்பா முழித்தார். "எல்லாரும் எழுபத்திரண்டுதான் போடறாங்க, போட்டுக்கலாங்களா?" என்றார் அவரே. மாதம் 6,000, வருஷம் 72,000. அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான். விசாரணைக்கு வந்தவரும் ரேஷன் கார்டைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நூற்றுக்கணக்கான வீடுகளில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது 3,60,000. தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. வங்கிக்குப் போனால், "அப்பாவோட ஐ.டி. ரிட்டர்ன் வேணும். வருமானம் கொஞ்சம் நல்லாக் காட்டியிருந்தா சீக்கிரம் ஆயிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவரிடம் போனோம். அவர் மாதம் 30,000 என்று போட்டார். கட்ட வேண்டிய வரி? பூஜ்யம். சட்டத்தில் இருக்கிற வரித் தள்ளுபடியில் 3.6 லட்சத்துக்கு ஒரு பைசாகூட வரி வராது. ஆக, வருமானத்தைக் குறைத்துச் சொல்ல 60 ரூபாய், ஏற்றிச் சொல்ல எழுதுகிறவருக்கான கூலி மட்டும்.

வங்கியிலிருந்து வந்த அன்று ராத்திரி அப்பாவின் டைரிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தினமும் வாடகையும் டீசலும் எழுதி வைப்பார். கூட்டிப் பார்த்தார் என்று மட்டும் சரித்திரம் இல்லை. அந்த வருஷத்துக்கு மொத்த வாடகை 5,84,000. டீசல் 2,58,000. டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சேர்த்து 74,000. வண்டிக் கடனுக்கு வட்டி 31,000. தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவில் வராது என்று நான் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தேய்மானம் 30 சதவீதக் கணக்கில் 60,000. மிச்சம் 1,61,000. அம்மாவின் தையல் வருமானம் 37,000. ஆகக் குடும்ப வருமானம் 1,98,000.

அந்த எண்ணைப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் உதவித்தொகைக்கு உச்சவரம்பு 2.5 லட்சம். தங்கச்சியின் கடனுக்கு வட்டி மானியம் வாங்க உச்சவரம்பு 4.5 லட்சம். உண்மையைச் சொல்லியிருந்தாலே எங்களுக்கு இரண்டும் கிடைத்திருக்கும். 72,000-உம் தேவையில்லாத பொய், 3,60,000-உம் தேவையில்லாத பொய்.

நாலாவது எண் ஒன்றும் இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்று ஒரு பிரிவை வகுப்பில் படித்திருப்பீர்கள். கணக்குப் புத்தகம் வைக்காத சின்ன சரக்கு வண்டிக்காரருக்கு வண்டிக்கு மாதம் 7,500 வருமானம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். அதாவது வருஷத்துக்கு 90,000. அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைக் காட்ட வேண்டும். அரசாங்கத்தின் ஒரு கை 72,000 என்று சான்று கொடுக்கிறது, இன்னொரு கை 90,000 என்று அனுமானிக்கிறது, வங்கியோ அதிகமாகக் காட்டினால்தான் நம்புகிறது. ஒன்றின் எண்ணை இன்னொன்று கேட்பதே இல்லை.

என் கட்சி இதுதான். உதவி கேட்கிறவர்களின் வருமானத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் நம் ஊரில் சரிபார்ப்பு என்பது காகிதம் சேகரிப்பதாக ஆகிவிட்டது. காகிதம் இருக்கிறவன் மாட்டுகிறான், காகிதம் இல்லாதவன் ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறான், வசதி இருக்கிறவன் தேவைக்கேற்ற காகிதத்தை வாங்குகிறான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா ஒரு மில்லில் கிளார்க். படிவம் 16-இல் வருஷச் சம்பளம் 2,61,000. வரம்பைவிட 11,000 அதிகம். உதவித்தொகை போச்சு. மாதத்துக்கு 917 ரூபாய் வித்தியாசத்தில் முழுத் தொகையும் போச்சு. அதே பெஞ்சில் உட்காரும் இன்னொருவன் வீட்டில் பெரிய தோப்பு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் வரித்துறையில் ஒரு சுவடும் கிடையாது. அவன் சான்றிதழில் 84,000. அவனைத் திட்டிப் பயனில்லை. 72,000 போட்ட நான் எந்த முகத்தோடு திட்டுவது?

இன்னொரு விஷயம். அந்த 4.5 லட்ச வரம்பு வட்டி மானியத் திட்டம் ஆரம்பித்த 2009-10-இலிருந்து வருவது. 2024-இல் பி.எம். வித்யாலட்சுமி வந்து, 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் முழு வட்டி மானியத்துக்கு அதே பழைய 4.5 லட்சம்தான். மூலதன ஆதாய வரிக்கு அரசே வெளியிடும் பணவீக்கக் குறியீடு 2009-10-இல் 148, 2024-25-இல் 363. அந்தக் கணக்குப்படி அன்றைய 4.5 லட்சம் 2024-25-இல் சுமார் 11 லட்சம். வரம்பு அப்படியே நிற்க, விலைவாசி மட்டும் ஏறினால், நேர்மையான ஆள்கூட எண்ணைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடியதில் அமெரிக்கக் கதை கிடைத்தது. அங்கே மத்திய அரசின் கல்வி உதவி எல்லாவற்றுக்கும் ஃபாஃப்சா என்று ஒரே விண்ணப்பம். முன்பெல்லாம் அதில் பெற்றோரின் வரி விவரத்தை மாணவர் பார்த்து நிரப்ப வேண்டும். பிறகு சிலரைப் பொறுக்கி எடுத்து, "நிரூபி" என்பார்கள். அவர்கள் வரித்துறையிடம் வரிக் கணக்கின் நகல் வாங்கி வந்து கல்லூரியில் கொடுக்க வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவர்கள், தாக்கல் செய்யவில்லை என்பதற்கே ஒரு கடிதம் வாங்க வேண்டும்! இதில் அதிகம் சிக்கியவர்கள் பெல் உதவித்தொகைக்குத் தகுதியான ஏழை மாணவர்கள். காகிதம் சேர்க்க முடியாமல் பாதியில் விட்டவர்களும் உண்டு.

2019-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். மாணவரும் பெற்றோரும் சம்மதம் கொடுத்தால் போதும், வரித்துறையே விவரத்தை நேராகக் கல்வித்துறைக்கு அனுப்பிவிடும். 2024-25 கல்வியாண்டு விண்ணப்பத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. உடனே சொர்க்கம் வந்துவிடவில்லை. வழக்கமாக அக்டோபரில் திறக்கும் விண்ணப்பம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. விவரங்கள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் விண்ணப்பத்தை முடிக்க முடியாமல் தவித்தார்கள். ஆனாலும் அந்தக் கருத்து சரி. அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிற விவரத்தை அரசாங்கத்துக்கே எடுத்துக் கொடுக்க ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளை ஏன் அலைய வேண்டும்?

"அது அமெரிக்கா, நமக்கெல்லாம் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு உள்ளூர் உதாரணமே இருக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அதற்கும் 2.5 லட்சம் வருமான வரம்பு இருந்தது. ஆனால் வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று சொல்லவில்லை. நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், வருஷத்துக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று அரசு தன்னிடம் இருக்கிற பதிவுகளை வைத்துப் பார்க்கக்கூடிய அளவுகோல்களை வைத்தார்கள். தவறாக நிராகரிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. குறைகள் இருந்திருக்கும். ஆனால் ஒரு கோடிப் பேருக்கு மேல் சான்றிதழ் இல்லாமலே செய்ய முடிந்தது. அம்மாவுக்குக் கேட்காத சான்றிதழை மகளிடம் ஏன் கேட்க வேண்டும்?

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்:

1. வரிக் கணக்கு தாக்கல் செய்தவர்களுக்கு அதுவே வருமானச் சான்றாக இருக்கட்டும். சம்மதம் வாங்கிக்கொண்டு துறைகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும்.

2. கணக்கு இல்லாதவர்களிடம் "வருமானம் எவ்வளவு?" என்று ஒற்றைக் கட்டத்தில் கேட்காதீர்கள். என்ன தொழில், மாதம் எத்தனை நாள் வேலை, என்ன வண்டி, எவ்வளவு நிலம் என்று கேளுங்கள். அப்பாவுக்கு வருஷ வருமானம் தெரியாது. நேற்றைய வாடகையும் டீசலும் தெரியும்.

3. 2,50,000-க்கு முழுத் தொகை, 2,50,001-க்கு ஒன்றும் இல்லை என்பதை விடுங்கள். வருமானம் ஏற ஏறத் தொகை படிப்படியாகக் குறையட்டும். வரம்பையும் விலைவாசியோடு ஏற்றுங்கள்.

4. 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குப் பிணையம் வேண்டாம் என்பது விதி. படித்து முடிப்பவரின் சம்பாத்தியத்தை நம்பிக் கொடுக்கிற கடன் அது. பெற்றோரின் வருமானத்தை ஏற்றிக் காட்டச் சொல்லும் நிலைமை அதில் வரவே கூடாது.

இதையெல்லாம் செய்தாலும் தோப்பு வைத்திருப்பவன் தப்பிப்பான் என்பீர்கள். நிலப் பதிவு கணினியில் இருக்கிறது, பார்த்தால் தெரியும். யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வரிக் கணக்கைத் திருத்தி, 1,61,000 என்று மறுபடி தாக்கல் செய்தோம். வருமானச் சான்றிதழுக்கும் புதிதாக விண்ணப்பித்தோம். 1,98,000 என்று பார்த்ததும் விசாரித்தவர் அப்பாவிடம், "ஏத்திப் போடச் சொல்ற மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தாராம். எல்லாம் முடிந்து கடன் கிடைக்க அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை கல்லூரி காத்திருக்காதே. முதல் வருஷக் கட்டணத்துக்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை. உண்மைக்கு எங்கள் வீட்டில் ஆன செலவு அது.

அன்றைக்குக் கணக்குப் போட்டு முடித்தபோது அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "பதினாலு வருஷமா ஓட்டறேன் கண்ணு. நான் எவ்வளவு சம்பாதிக்கறேன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது" என்றார்.

உங்கள் சான்றிதழில் என்ன எண் இருக்கிறது? எங்கேயும் எழுத வேண்டாம். ஒரு ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.