ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. சோவியத் நாட்டின் அரசியல் யாப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இப்பழமொழியைச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வார் பலர். அதே யாப்பின் வாசகங்களை ஒன்று விடாமல் ஒப்புவித்து, உலகில் இதனினும் உயர்ந்த சனநாயகம் உண்டோ என்று வினவியோரும் ஒரு காலத்தில் நம்மிடையே இருந்தனர். மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் மலிவு விலையில் நம் கைகளுக்கு எட்டிய காலம் அது. இரு சாராரும் பாதி வழியிலேயே நின்றுவிட்டனர் என்பது என் துணிபு. ஒரே கட்சி ஆண்ட அந்நாட்டின் அரசியல் நிறுவனங்கள் எங்ஙனம் இயங்கின என்பதைச் சிரமம் பாராது ஆராய்வோமாயின், எந்நாட்டு யாப்பையும் எப்படி வாசிப்பது என்ற பயிற்சி நமக்குக் கிட்டும்.

1936 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் திகதி நிறைவேறிய யாப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சர்வசன வாக்குரிமை, இரகசிய வாக்களிப்பு, பேச்சுரிமை, கூட்டங்கூடும் உரிமை யாவும் அதில் உண்டு. நீதிமன்றத்தின் முடிவோ வழக்குத் தொடுநரின் அனுமதியோ இன்றி எவரையும் கைது செய்யலாகாது என்றது 127 ஆம் உறுப்புரை. ஒன்றியத்திலிருந்து விலகும் உரிமை ஒவ்வொரு குடியரசுக்கும் உண்டு என்றது 17 ஆம் உறுப்புரை. கம்யூனிஸ்ட் கட்சியின் இடம் யாது என்று தேடினால், சங்கங்கள் அமைக்கும் உரிமையைக் கூறும் 126 ஆம் உறுப்புரையின் வாலில், எல்லா நிறுவனங்களுக்கும் தலைமைக் கரு அதுவே என்ற குறிப்பைக் காணலாம். வீட்டுக்குரியவரின் பெயரை வாசலில் எழுதாமல், கொல்லைப்புறத்துத் தூணிலே பொறித்தது போன்றது இது.

அந்த யாப்பை வரைந்தோருள் முக்கியமானவரான புகாரின் 1938 மார்ச் மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் இரகசியப் பொலிசாரின் சொந்தக் கணக்கின்படியே 680,000 க்கு மேற்பட்டோர் மரண தண்டனைக்கு உள்ளாயினர். அவர்களுட் பெரும்பாலாரின் விதியை நிர்ணயித்தவை, யாப்பில் எங்கணும் பெயர் கூறப்படாத மூவர் குழுக்களும் அவைபோன்ற பிற குழுக்களுமே.

இக்கொடுமையின் நடுவே, 1937 டிசம்பர் 12 ஆம் திகதி, உச்ச சோவியத்துக்கான முதலாவது தேர்தல் நடைபெற்றது. தொகுதிக்கு ஒரே அபேட்சகர். விரும்பாத பெயரை வெட்டிவிடும் உரிமை வாக்காளருக்குச் சட்டப்படி இருந்தது; அதற்கெனத் திரையிட்ட சாவடியும் இருந்தது. ஆயின் பெயரை வெட்டாது சீட்டைப் பெட்டியில் இடுவோர் சாவடிக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. எனவே நுழைபவர் மீது ஐயம் விழுந்தது. வாக்களித்தோருள் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் ஆதரவு தெரிவித்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்விதம் அமைந்த உச்ச சோவியத், பின்வந்த காலத்தில் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, சில நாட்களே கூடியது. முன்வைத்த பிரேரணைகளை ஏகமனதாக ஏற்றுக் கலைந்தது.

அங்ஙனமாயின் அதிகாரம் எங்கே குடியிருந்தது? பதவிப் பட்டியல்களிலே என்பேன். நொமென்கிளாத்துரா என்று ருஷ்யர் இதனை அழைப்பர். ஒவ்வொரு கட்சிக் குழுவின் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. ஆலை முகாமையாளர், பத்திரிகை ஆசிரியர், பல்கலைக்கழகத் தலைவர், ஏன், எழுத்தாளர் சங்கக் காரியதரிசி வரைக்கும், பட்டியலிற் கண்ட பதவிகளைக் கட்சியின் சம்மதமின்றி நிரப்ப முடியாது. ஸ்டாலின் 1922 இல் ஏற்ற பொதுக் காரியதரிசிப் பதவியின் வலிமை இதுவே. 1941 மே மாதம் வரை அவர் அரசாங்கத்தின் தலைவராகவே இருக்கவில்லை. இருக்க வேண்டிய தேவையும் அவருக்கு நேரவில்லை. ஆட்களை அமர்த்துபவரே ஆள்பவர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கட்சியேனும் தன் விதிப்படி நடந்ததா? 1934 இல் நடந்த பதினேழாவது மாநாட்டின் பிரதிநிதிகள் 1,966 பேருள் 1,108 பேர் பின்னர் கைதாயினர் என்று குருஷேவ் 1956 இல் வெளிப்படுத்தினார். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடவேண்டிய மாநாடு 1939 க்குப் பின் 1952 வரை கூடவேயில்லை. ஸ்டாலின் மறைந்த பின்னரோ நிலைமை சற்றே மாறியது. 1957 ஜூனில் தலைமைக் குழுவின் உறுப்பினர் பதினொருவருள் எழுவர் குருஷேவை நீக்க முனைந்தனர். அவரோ தம்மைத் தெரிவு செய்தது மத்திய குழுவே என்று வாதாடி அக்குழுவைக் கூட்டுவித்து வென்றார். தோற்றவருள் மொலட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். மாலெங்கோவ் கசகஸ்தானில் ஒரு மின்நிலையத்துக்குப் பொறுப்பாளரானார். எவரும் சுடப்படவில்லை. 1964 ஒக்ரோபரில் அதே மத்திய குழு குருஷேவையே வீட்டுக்கு அனுப்பியது. ஒரு சிறு கூட்டத்தார்க்குள் விதி உயிர் பெற்றது என்று இதனைக் கூறலாம். எனினும் வெளியே நின்ற கோடிக்கணக்கான மக்கள் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தே அறிந்தனர்.

இதுவரை கூறியவை பழமொழியின் பக்கமே சாய்வன. ஆயின் கதை இவ்விடத்தில் முடியவில்லை.

1965 இல் சின்யாவ்ஸ்கி, தானியேல் என்னும் எழுத்தாளர் இருவர், புனைபெயரில் வெளிநாட்டிலே நூல் வெளியிட்ட காரணத்தாற் கைதாயினர். அவ்வாண்டு டிசம்பர் 5 ஆம் திகதி, யாப்பு நிறைவேறிய நாளன்றே, மொஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் ஒரு சிறு கூட்டம் திரண்டது. அதனை ஒழுங்கு செய்தவர் கவிஞர் எசேனினின் புதல்வரான வோல்பின் என்னும் கணித அறிஞர். அவர்கள் புரட்சியைக் கோரவில்லை. சோவியத் யாப்பை மதியுங்கள், வழக்கை வெளிப்படையாக விசாரியுங்கள் என்றே கோரினர். வழக்குகள் பகிரங்கமாக நடைபெறும் என்பது அந்த யாப்பின் 111 ஆம் உறுப்புரை. பொலிசார் சில நிமிடங்களிற் பதாகைகளைப் பறித்தனர். எழுத்தாளர் இருவரும் முறையே ஏழாண்டும் ஐந்தாண்டும் தண்டனை பெற்றனர். ஆயினும் அரசு தான் எழுதிய வாசகத்தைக் கண்டே அஞ்சியதை உலகம் பார்த்தது.

1989 மார்ச்சில் அந்த ஏடு மேலும் ஒருமுறை பேசியது. லெனின்கிராட் பிராந்தியக் கட்சிக் காரியதரிசி சொலோவியோவ் போட்டியின்றித் தேர்தலில் நின்றார். வாக்காளர் திரைக்குள் நுழைந்து அவர் பெயரை வெட்டினர். பாதி வாக்குக்கூடக் கிட்டாமல் அவர் தோற்றார். அரை நூற்றாண்டாகப் பயன்படாதிருந்த அந்தப் பென்சில் அன்று தன் வேலையைச் செய்தது. மறு ஆண்டு மார்ச்சில், 1977 ஆம் ஆண்டு யாப்பின் 6 ஆம் உறுப்புரை கட்சிக்கு வழங்கியிருந்த தனியாதிக்கம் நீக்கப்பட்டது. 1991 டிசம்பரில் ஒன்றியமே குலைந்தது. பெயரளவில் இருந்த குடியரசுகளும் அவற்றின் எல்லைகளும் சபைகளும் பதினைந்து நாடுகளுக்கு ஆயத்தமான சட்டகங்களாயின.

ஆதலால் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் இது. யாப்பின் உறுப்புரைகளை மனனஞ் செய்விப்பதோடு அமையாதீர்கள். அபேட்சகரின் பெயரை எழுதுபவர் யார், ஆள்பவரை அகற்றக்கூடியவர் யார், வேண்டாம் என்று சொன்னவர் அன்றிரவு தம் வீட்டிலே உறங்கினாரா என்று மாணவரைக் கேட்கப் பழக்குங்கள். அதன்பின், ஏட்டில் உள்ளதை வெறும் ஏடென்று எறிந்துவிடவும் விடாதீர்கள். சுரைக்காய் ஏட்டிற் கிடக்கும் வரை கறிக்கு உதவாதுதான். ஆனால் அதில் இன்ன காய் எழுதப்பட்டிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவர்களே, தமக்கு வரவேண்டியது எது என்று கேட்கவும் துணிந்தனர்.