பத்தொன்பது வயது மூப்பர்

ஹெரெட்டிக் (2024) படத்தை ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து ஐந்து பேர் பார்த்தோம். கதவைத் தட்டும் இரண்டு இளம் மோர்மன் பெண்கள், கதவைத் திறக்கும் ஹியூ கிராண்ட். உள்ளே போக முதல் அவர்கள் விசாரிப்பது வீட்டில் வேறு பெண் இருக்கிறாவா என்றுதான். மனைவி உள்ளே பை சுட்டுக்கொண்டு இருக்கிறா என்பார் அவர். அந்த இடத்தில் எங்களில் ஒருத்தி படத்தை நிப்பாட்டிவிட்டு, "இது சினிமாவுக்கு வச்ச சட்டமா, உண்மையிலயே இருக்கா?" என்று கேட்டாள். உண்மையிலேயே இருக்கு. அதில தொடங்கின கதை படம் முடிஞ்ச பிறகும் விடிய இரண்டு மணி மட்டும் இழுபட்டது.

மோர்மன் மிஷனரி என்றால் உலகத்துக்கே ஒரு பகிடி. 2011 இல் ப்ரோட்வேயில் வந்த 'தி புக் ஆஃப் மோர்மன்' இசை நாடகம் அந்தப் பகிடியை உறுதியாக்கிவிட்டது: வெள்ளை ஷேர்ட், கறுப்புப் பெயர்ப்பட்டி, கழற்ற ஏலாத சிரிப்பு. (சபையின் முழுப்பெயர் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை. மோர்மன் என்று கூப்பிடவேண்டாம் என்று 2018 இல் அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இங்கே சுருக்கத்துக்காகத்தான் பழைய பெயர், கோபிக்கவேண்டாம்.) நாங்களும் சிரிச்ச ஆக்கள்தான். ஆனால் அந்தப் பெயர்ப்பட்டிக்குப் பின்னால் நிற்பது எங்கட வயசு ஆள் என்று விளங்கின பிறகு, எங்கட கேள்விகளை அந்தப் பிள்ளையிடம் கேட்பதா, அதை அனுப்பினவர்களிடம் கேட்பதா என்ற யோசனை வந்தது.

ஜப்பானுக்குப் போகும் ஒரு பொடியனை எடுத்துக்கொள்வோம். நாட்டை அவன் தெரிவு செய்யவில்லை. விண்ணப்பிப்பது மட்டும்தான் அவன்ர வேலை, எங்கே போவது என்பதை சோல்ட் லேக் சிற்றியில் இருக்கும் சபைத் தலைமை தீர்மானிக்கும். பொடியள் 18 வயதில் இரண்டு வருசம் போகலாம். முந்தி 19 ஆக இருந்ததை 2012 இல் குறைத்தார்கள். பெண்களுக்கு ஒன்றரை வருசம். சம்பளம் ஒரு சதமும் கிடையாது. செலவுக்கு அவர்களும் குடும்பமும்தான் மாதாமாதம் காசு கட்டவேணும். சில வாரம் பயிற்சி நிலையத்தில் ஜப்பானிய மொழி படிப்பிப்பார்கள். அரைகுறை மொழியில் முதலில் பழக்குவது ஜெபம் பண்ணுவதையும் சாட்சி சொல்லுவதையும்தான். சாப்பாட்டுக் கடையில் கதைக்கத் தெரிய முதலே கடவுளைப் பற்றிக் கதைக்கப் பழகிவிடுவான்.

பிறகு சைக்கிள். காலை 6.30க்கு எழும்பவேணும், இரவு 10.30க்குப் படுக்கவேணும். வேதப் படிப்பு, மொழிப் படிப்பு, வீதி. சொந்தப் பெயர் மறைந்துவிடும், 'எல்டர்' என்ற பட்டத்துக்குப் பின்னால் குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சும். எல்டர் என்றால் மூப்பர். பத்தொன்பது வயதில் மூப்பர்! பக்கத்தில் எப்பவும் இன்னொரு மூப்பர் இருப்பார், அவரையும் இவன் தெரிவு செய்யவில்லை. குளியலறையைத் தவிர வேறெங்கும் தனியாக இருக்கக்கூடாது. ஒத்துப்போகாட்டியும் ஆறு கிழமைக்கு ஒருக்கா வரும் இடமாற்றம் வரைக்கும் பொறுக்கவேணும். அறைத்தோழரோடு மின்விசிறிக்குச் சண்டை பிடிக்கிற எங்களுக்கு இது வேறெதையும்விட நல்லா விளங்கினது.

ஜப்பான் ஒரு வசதியான களமும் இல்லை. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். 1901 இல் நான்கு மோர்மன்கள் யோகோகாமாவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஆக இளையவர் அல்மா டெய்லருக்கு வயது 19. தலைவராக வந்த ஹீபர் கிராண்ட் இரண்டு வருசத்தில் திரும்பிப் போக (பிற்பாடு முழுச் சபைக்கும் தலைவரானவர் அவர்தான்), டெய்லர் எட்டு வருசத்துக்கு மேல் அங்கேயே இருந்து மோர்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார். அது வெளிவந்தது 1909 இல். இவ்வளவு பாடுபட்டும் 1924 இல் அந்த மிஷனையே மூடிவிட்டார்கள். அத்தனை வருசத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இருநூறு பேரும் வராது. போர் முடிந்து 1948 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள்.

இப்போது போகிற பொடியனும் பெரும்பாலான நாட்களில் கேட்கப்போவது மரியாதையான "வேண்டாம்" தான். உள்ளே கூப்பிடுகிற அரிதான வீட்டில் தேத்தண்ணி வரும். அவன் குடிக்கக்கூடாது. 1833 இல் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி மது, புகை, கோப்பி, தேயிலை நாலும் விலக்கு. பச்சைத் தேயிலையும் தேயிலைதான் என்று 2019 இல் சபையின் சஞ்சிகை திரும்பவும் சொன்னது. விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊத்தாமல் விடாத ஊரில் வளர்ந்த எங்களுக்கு அந்த வீட்டுக்காரியின் முகம் கண்ணுக்குள் வருது. வாற்கோதுமையில் போடும் முகிச்சா என்ற பானம் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் பெரிய உபகாரம்.

இதெல்லாம் கஷ்டம், ஆனால் கஷ்டம் மட்டும் ஒரு விஷயத்தைப் பிழையாக்காது. எங்களுக்கு இடறுவது வேறு.

மோர்மன்கள் சாட்சி சொல்லும்போது "நம்புகிறேன்" என்பதை விட "எனக்குத் தெரியும்" என்றுதான் அதிகம் சொல்வார்கள். இந்தப் புத்தகம் உண்மை என்று எனக்குத் தெரியும், இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும். கேட்பவரிடமும், என்னை நம்பாதே, நீயே ஜெபம் பண்ணிக் கடவுளிடம் கேள், பதில் வரும் என்பார்கள். இந்த அழைப்பில் ஒரு நேர்மை இருக்கு, அதை ஒத்துக்கொள்கிறோம். எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ மேடைகளில் கேள் என்று ஒருவரும் சொல்வதில்லை, கேட்காதே என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்கிற பொடியனுக்கே பதில் இன்னும் வராவிட்டால்? அவன் என்ன சொல்ல ஏலும்? "எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் தேடுறன்" என்று சொல்ல அந்தப் பெயர்ப்பட்டியில் இடம் கிடையாது. ஒவ்வொரு நாளும் "தெரியும்" என்று சொல்லிச் சொல்லி அது வாய்க்குப் பழகிவிடும். மனசுக்கும் பழகினதா என்று தனியாக இருந்து யோசிக்கவும் நேரமில்லை, தனிமையும் இல்லை. சந்தேகம் வருகிற வயசு இது. எங்களுக்குக் கம்பஸில் அதற்கு மணித்தியாலக் கணக்கில் நேரம் இருக்கு, விடிய இரண்டு மணி மட்டும் இருக்கு.

சாவைப் பற்றி ஒரு கிழவரிடம் கதைக்கப் போதுமான வயசு, ஆனால் கடைக்குத் தனியாக நடந்து போகப் போதாத வயசு. சபை இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்குது. 2019 பெப்ரவரி வரைக்கும் வீட்டுக்குப் போன் கதைக்கக் கிடைத்தது வருசத்துக்கு இரண்டே தரம், நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும். கவனம் சிதறக்கூடாது என்பது காரணம். இப்போது கிழமைக்கு ஒருக்கா கதைக்கலாம். அந்த மாற்றத்தால் மிஷன் ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்படியென்றால் அதுக்கு முதல் போன அத்தனை பிள்ளையளும் அம்மாவின் குரலைக் கேட்காமல் இருந்தது எதுக்கு?

பெண்களின் கணக்கு இன்னும் வேறு. 2012 இல் அவர்களின் வயதெல்லை 21 இலிருந்து 19 ஆனதும் ஏராளமான பெண்கள் கிளம்பினார்கள். பொடியளுக்கு அது கடமை, இவர்களுக்கு விருப்பம் என்று சபை சொல்லும். அதனால் இவர்களில் பலர் உண்மையிலேயே விரும்பிப் போனவர்கள். ஆனால் மாதக்கணக்காக ஒருவருக்குப் படிப்பித்துக் கூட்டிக்கொண்டு வந்த சிஸ்டர், கடைசியில் தண்ணிக்குள் இறங்கி ஞானஸ்நானம் கொடுக்க ஏலாது. குருத்துவம் ஆண்களுக்கு மட்டும். நேற்று வந்த எல்டர் இறங்குவார், இவ கரையில் நின்று பார்க்கவேணும். எங்கட அறையில் அன்றைக்கு ஆகக் கூடச் சத்தம் வந்தது இந்த இடத்தில்தான். எங்கட வீட்டுக் கோயில்களிலும் சேர்ச்சுகளிலும் மட்டும் என்ன வாழுது என்று ஒருத்தி கேட்டதும் பொடியள் அமைதியாகிவிட்டார்கள்.

கதவைத் திறக்கிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஜப்பானில் மிஷனரிகள் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவார்கள். ஆங்கிலத்துக்காக வருகிற தனிமையான ஒரு ஆளுக்கு அந்தச் சினேகம் பெரிசு. அது சினேகமா, தூண்டிலா? இரண்டும் கலந்தது என்பதுதான் எங்கட எண்ணம். எண்ணிக்கை முக்கியமாகிற நாளில் தூண்டில் வெல்லும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேஸ்பால் விளையாட வந்த சின்னப் பொடியளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்து, பிறகு சபைக்கே அது வெட்கக்கேடாகிப்போன கதை இருக்கு. எண்ணிக்கையை மறந்தால் வேறு மாதிரியும் நடக்கும். 1980களில் ஜப்பான் தொலைக்காட்சியில் எல்லாருக்கும் தெரிந்த முகங்களாக இருந்த கென்ட் கில்பர்ட், கென்ட் டெரிக்காட் இரண்டு பேரும் முதலில் அந்த நாட்டுக்கு மிஷனரிகளாக வந்தவர்கள். ஜப்பானை மாற்ற வந்தவர்களை ஜப்பான் வைத்துக்கொண்டது.

இடையில் திரும்பி வருகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை கூட. சுகமில்லாமலோ, மனம் உடைஞ்சோ, நம்பிக்கை விட்டுப்போயோ வீடு வருகிறவனுக்கு ஊரில் ஒரு பார்வை காத்திருக்கும், விசேசமாக யூட்டா போல எல்லாரும் போய்வந்த இடத்தில். இரண்டு வருசம் முடித்தவனுக்கு விமான நிலையத்தில் பலூனும் பதாகையும். எட்டு மாதத்தில் வந்தவன் பயணப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வருவான். அவனுக்கும் ஒரு பதாகை பிடிக்க அந்தச் சபையால் ஏலுமென்றால், "எனக்குத் தெரியும்" என்று அவர்கள் சொல்லும்போது நாங்கள் இன்னும் கொஞ்சம் நின்று கேட்போம்.

எங்களில் இரண்டு பேருக்கு இதில் உடன்பாடில்லை. விருப்பமில்லாட்டி போகாமல் விடலாம்தானே, ஆர் பிடிச்சுத் தள்ளினது என்பது அவர்களின் கட்சி. வீட்டில் எல்லாரும் சொல்லித்தான் பயோ எடுத்தோம், இரண்டாம் தரம் எழுதிப்போட்டுத்தான் ஆர்ட்ஸுக்கு வந்தோம், ஆர் பிடிச்சுத் தள்ளினது என்று மற்ற மூன்று பேரும் கேட்டோம்.