நோட்டீஸ் ஒட்டியாயிற்று, அப்புறம்?

காரைக்காலில் ஒரு கட்டடம் எப்படி வளர்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நகர அமைப்புக் குழுமத்தில் கொடுக்கும் வரைபடத்தில் தரைத்தளம் வண்டி நிறுத்துமிடம், மேலே வீடு, சுற்றிலும் விதிப்படி காலி இடம். அனுமதி கைக்கு வந்ததும் வரைபடம் பீரோவுக்குள் போய்விடும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஷட்டர் இறங்கும். பக்கவாட்டுக் காலி இடத்தில் மாடிப்படியும் கழிவறையும் ஏறும். மொட்டைமாடியில் தூண் கம்பிகளை அறுக்காமல் நீட்டி வைப்பார்கள்; அடுத்த ஆண்டு அங்கே இன்னொரு தளம். இதில் மறைவாக நடப்பது ஒன்றும் இல்லை. செங்கல் லாரி நடுத்தெருவில்தான் நிற்கிறது. தளம் போடும் நாளில் கலவை மிஷின் தெருவையே அடைத்துக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் தெரிவது குழுமத்துக்கும் நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் மட்டும் தெரியாமல் போகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் அலுத்துப்போய் மனு கொடுத்தால் ஒரு நோட்டீஸ் வரும். பணியை நிறுத்தச் சொல்லும் அந்தத் தாளை வாட்ச்மேன் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் கேட்டில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அது வெயிலில் வெளுத்து உரிவதற்குள் சென்ட்ரிங் பலகையைப் பிரித்து, பூச்சு முடித்து, வண்ணமும் அடித்துவிடுவார்கள். புகார் கொடுத்தவர் மறுபடி அலுவலகம் போனால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: நோட்டீஸ் கொடுத்தாயிற்று. நடவடிக்கையின் முதல் படியை முழு நடவடிக்கையாகக் கணக்குக் காட்டும் இந்தப் பழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. புதுச்சேரி நகர மற்றும் கிராம அமைப்புச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. நகராட்சிகள் சட்டமும் கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டமும் 1973-இல் வந்தன. கட்டட துணைவிதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும் 2012-இல் புதுப்பிக்கப்பட்டன. அனுமதியில்லாத பணியை நிறுத்தவும், முறைப்படி விளக்கம் கேட்டு அகற்றவும் அதிகாரம் தாளில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் அதை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிறார்கள். வரைபடம் குழுமத்தின் வேலை, களம் உள்ளாட்சியின் வேலை, வாய்க்கால் பொதுப்பணித் துறையின் வேலை, பட்டா வருவாய்த் துறையின் வேலை. நான்கு மேசைகளுக்கு நடுவே புகார் மனு சுற்றிக்கொண்டிருக்கும்போது கட்டடம் நேராக மேலே போய்க்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டாமா? புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலிலும் வழக்கிலும் நின்றுபோனது. காரைக்கால் நகராட்சியிலும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன்களிலும் இத்தனை ஆண்டுகளாக ஆட்சி நடத்துபவர்கள் ஆணையர்கள் மட்டுமே. அவர்கள் இன்று இங்கே, நாளை புதுச்சேரியில். நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கோப்பு போய்த் திரும்புவதற்குள் ஆணையரே மாறிவிடுகிறார். கவுன்சிலர் வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நாம் நம்பவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நகராட்சிகளில் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் ஓட்டுக் கேட்டு அதே தெருவுக்கு மறுபடி வரவேண்டியவரை நிறுத்தி வைத்துக் கேட்கலாம். மாற்றலாகிப் போன அதிகாரியை எங்கே தேடுவது?

இந்த ஊரின் நிலவாகு மற்ற ஊர்களைப் போன்றதல்ல. இது காவிரியின் கடைமடை. அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் திருமலைராயனாறும் கடலைத் தேடி வந்து சேரும் தட்டையான மண். நடுவர் மன்றத் தீர்ப்பில் காரைக்காலுக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. தண்ணீர் வயலுக்குப் பாய்வதும், ஐப்பசி கார்த்திகையில் மேலிருந்து வரும் வெள்ளம் வடிவதும் சிறு வாய்க்கால்கள் வழியாகத்தான். வயலை மனையாக்குபவர் முதலில் செய்வது சவுடு மண் அடித்து மேடாக்குவது. பிறகு பாதைக்காக வாய்க்காலில் ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்து மேலே மண் போடுகிறார். பத்தடி அகல வாய்க்கால் இரண்டடிக் குழாய்க்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த மழையில் அந்த மனை நனையாது. பக்கத்தில் தாழ்வாக இருக்கும் பழைய தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நிற்கும். வரைபடத்தில் ஓர் அங்குலக் கோடு பிசகினால் அது அடுத்தவர் வீட்டு அடுப்படியில் தண்ணீராக வந்து நிற்கும் ஊர் இது.

2022 ஜூலையில் இங்கே காலரா பரவியதையும் பொது சுகாதார அவசரநிலை அறிவித்ததையும் அதற்குள் மறந்துவிட்டோமா? வயிற்றுப்போக்கால் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். குடிநீர்க் குழாய்க் கசிவில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்ற பேச்சு அரசு தரப்பிலேயே எழுந்தது. அனுமதியற்ற கட்டடங்களால்தான் அது வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே விட வேண்டிய இடத்தை விடாமல், கழிவுத் தொட்டி எங்கே என்று யாரும் பார்க்காமல், குழாயும் சாக்கடையும் ஒரே சந்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் நெருக்கத்தை எந்த அலுவலகம் அனுமதித்தது என்று கேட்கும் உரிமை அந்த ஆண்டு படுக்கையில் கிடந்தவர்களுக்கு உண்டு.

விதியைக் காக்க வேண்டியவர்களே விதியை விற்றதாகவும் குற்றச்சாட்டு வந்திருக்கிறது. கோயில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தில் போலி ஆவணங்களின் பேரில் மனை பிரித்து விற்ற விவகாரத்தில், 2024-இல் துணை ஆட்சியர் ஒருவரே கைதானார். வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் கோயில் நிலத்தில் கல் நட்டு, பாதை போட்டு, மனை காட்டும் வரையில் அந்த வழியாக நில அளவையரோ கொம்யூன் ஊழியரோ ஒருவர்கூடப் போகவில்லையா என்ற கேள்விக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி மீரட் வழக்கொன்றில் இதற்கெல்லாம் தெளிவான வழி சொல்லியிருக்கிறது. கட்டுமானம் முடியும்வரை அனுமதி வரைபடத்தைக் கட்டுமிடத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது நேரில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரமும் குடிநீரும் கொடுக்கக் கூடாது. வங்கிகளும் அந்தச் சான்றைப் பார்த்தே கடன் தர வேண்டும். விதிமீறலுக்குத் துணைபோன அலுவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். இவை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் பொருந்தும். இங்கே மின் இணைப்பு கொடுப்பதும் அரசின் மின்துறைதான். ஒரு மீட்டரைத் தராமல் நிறுத்திவைத்தால் போதும், விதிமீறிய மாடியில் யாரும் குடியேற முடியாது. ஜேசிபி தேவையில்லை, போலீஸ் பாதுகாப்பு தேவையில்லை. இந்த எளிய காரியத்தைச் செய்யாமல், கட்டி முடித்த பிறகு இடிப்பது கஷ்டம் என்று கையை விரிப்பவர்களை என்னவென்று சொல்வது?

ஜேசிபி வராமலும் இல்லை. வந்தால் தள்ளுவண்டியையும் இளநீர்க் கடையையும் கீற்றுப் பந்தலையும் நோக்கித்தான் வருகிறது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நெருங்கினால் நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்துவதில் காட்டும் வேகத்தில் கால்வாசியைக்கூட கோயிலைச் சுற்றி எழும் விடுதிகளின் மாடி எண்ணிக்கையைச் சரிபார்ப்பதில் காட்டுவதில்லை. நடுராத்திரியில் வீட்டை இடித்துத் தள்ளச் சொல்லி நாம் கேட்கவில்லை. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, வீட்டுக்காரர் தரப்பைக் கேட்டு, காரணம் எழுதிய உத்தரவோடுதான் இடிக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-இல் சொன்னது சரியான தீர்ப்பு. அந்தப் பதினைந்து நாள் பதினைந்து வருஷமாக நீளக் கூடாது என்பதுதான் நம் வாதம்.

மீறியவருக்குத் தைரியம் தருவது வரன்முறைத் திட்டம். அங்கீகாரமில்லாத மனைகளில் தெரியாமல் பணம் போட்ட ஏழை எளியவர்களுக்கு ஒருமுறை வழிவிடுவது நியாயம். காலக்கெடுவை நீட்டிக்கொண்டே போனால் அது கருணையல்ல, கட்டணம் கட்டிக் குற்றம் செய்யலாம் என்ற அறிவிப்பு. விதிப்படி இடம் விட்டுக் கட்டியவர் ஏமாளியாகிறார்.

கும்பகோணம் இங்கிருந்து தூரமில்லை. அங்கே பள்ளித் தீ விபத்தில் 2004 ஜூலை 16-இல் 94 பிள்ளைகள் கருகிய பிறகுதான் அந்தக் கட்டடத்துக்கு யார் சான்று கொடுத்தார்கள் என்று தேடினார்கள். வழக்கில் முதல் தீர்ப்பு வரவே பத்து ஆண்டுகள் ஆயின.

ஆகவே மாவட்ட ஆட்சியரும் நகர அமைப்புக் குழுமமும் முதலில் ஒன்று செய்ய வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பணி நிறுத்த நோட்டீஸ்கள் கொடுத்தார்கள், எந்தெந்தத் தெருவில், ஒவ்வொன்றின் மீதும் பிறகு என்ன நடந்தது, அந்தக் கட்டடத்துக்கு மின் இணைப்பு போயிற்றா, எந்த அலுவலர் களத்தைப் பார்த்தார் என்ற பட்டியலை நகராட்சி வாசலிலும் ஐந்து கொம்யூன் அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். மின்துறை இன்றிலிருந்தே நிறைவுச் சான்றில்லாத கட்டடத்துக்கு நிரந்தர இணைப்பு தருவதை நிறுத்த வேண்டும். வடிகால் வாய்க்கால்களில் புதைத்த குழாய்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அளந்து எடுக்க வேண்டும். செலவை மனை பிரித்தவரிடம் வசூலிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் தேதியைச் சொல்ல வேண்டியது புதுச்சேரி அரசு. ஐந்து தொகுதிகளிலிருந்து சட்டமன்றம் போகும் காரைக்கால் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி அவையில் வைக்கட்டும்.