காட்டுவதற்கு ஒரு வீடு, வாழ்வதற்கு ஒரு வீடா?

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையிலும், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையிலும் விளம்பரப் பலகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. "மாதிரி வீடு தயார், வந்து பாருங்கள்" என்று கூவி அழைக்கின்றன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கின்றன, பார்த்து மயங்குகின்றன. முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, 20 ஆண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன.

அந்த மாதிரி வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? குளிர்ந்த காற்று இருக்கிறது. கூரைக்குக் கீழே ஒரு பொய்க் கூரையும், அதற்குள் ஒளிந்த விளக்குகளும் இருக்கின்றன. ஓர் அறையை இரண்டு அறையாகக் காட்டும் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. பல இடங்களில் அறைகளுக்குக் கதவே மாட்டுவதில்லை. கதவு திறந்து மூடவும் இடம் வேண்டுமே என்ற நினைப்பே பார்ப்பவருக்கு வராது!

இல்லாதவை எவை என்று பாருங்கள். துணி காயப்போடக் கொடி இல்லை. தண்ணீர்க் குடம் இல்லை. காஸ் சிலிண்டர் இல்லை. துடைப்பம் இல்லை, பள்ளிக்கூடப் பை இல்லை, கட்டிலோடு கிடக்கும் பாட்டி இல்லை. மனிதர் வாழும் அடையாளம் எதுவுமே இல்லை. ஏன்? மனிதர் வாழ ஆரம்பித்தால் இடம் போதாது என்பது அம்பலமாகிவிடும்!

இதை அலங்காரம் என்கிறார்கள். நாம் இதைத் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைக்கும் வேலை என்கிறோம்.

விற்பவன் தன் சரக்கைத் துடைத்துக் காட்டுவது குற்றமா என்று சிலர் கேட்கலாம். குற்றமில்லை. ஓய்வு பெற்ற ஒரு ரயில்வே தொழிலாளி, பெருங்களத்தூரிலுள்ள தன் பழைய வீட்டை விற்குமுன் வெள்ளையடித்து, ஒழுகும் குழாயைச் சரி செய்கிறார் என்றால் அது நாணயமான செயல். வாங்குகிறவருக்கு அந்தச் சுண்ணாம்பும் குழாயும் சேர்ந்தே கிடைக்கின்றன. மாதிரி வீட்டு வியாபாரம் அப்படியா? பால் காய்ச்சிக் குடி புகும் நாளில் பொய்க் கூரையும் இல்லை, அலமாரியும் இல்லை. "அவை காட்சிக்கு மட்டும்" என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்து சொல்கிறது. விலை பேசிய சதுர அடியில் மாடிப்படி, லிப்ட், நடைவழி எல்லாவற்றின் பங்கும் அடக்கம். கழித்துப் பார்த்தால், பாய் விரிக்கக் கிடைக்கும் தரை சுருங்கிக் கிடக்கிறது.

பார்வைக்கு வைக்கும் வீட்டில் வெள்ளமும் வருவதில்லை. 2015 டிசம்பர் 2ந் தேதி காலை முடிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று சுவரில் கோடு போட்டுக் காட்டும் மாதிரி வீடு எங்கேனும் உண்டா?

தூண்களின் பலமும் அங்கே தெரிவதில்லை. 2014 ஜூன் 28ந் தேதி மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். பளபளக்கும் பூச்சு வீட்டைத் தாங்காது. இது அவர்களுடைய ரத்தத்தில் எழுதப்பட்ட பாடம்.

வாழ்வதற்கான அலங்காரம் எது என்பதை இந்தப் புறநகர் மக்கள் அறிவார்கள். 1931ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தை ஒட்டி உழைப்பாளிகளும் குமாஸ்தாக்களும் மனை வாங்கிக் குடியேறினார்கள். முதலில் ஓர் அறை, ஒரு கிணறு. போனஸ் வந்தால் ஜன்னலுக்குக் கம்பி. மகளுக்குக் கல்யாணம் என்றால் முன்பக்கம் ஒரு தாழ்வாரம். வாசலில் கோலம், பின்புறம் முருங்கை. கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். அந்த அழகுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் அதுதான் வீடு.

இன்று சந்தையின் கண் குடியிருப்போர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. "சுவரில் ஆணி அடிக்காதே" என்று வாடகைக்காரரை மிரட்டுகிறார்கள். சொந்த வீட்டுக்காரரோ, நாளைக்கு விற்றால் விலை குறையுமே என்று தன் சுவரில் ஆணி அடிக்கத் தானே அஞ்சுகிறார். கடன் கட்டுகிறவர் அவர். ஆனால் இன்னும் வராத ஒருவருக்காக அந்த வீட்டைக் காவல் காக்கிறார்! வாழ்வதற்காகக் கட்டிய வீடு விற்பனைச் சரக்காகவே நிற்கும்போது, அதில் வாழும் மனிதரே இடைஞ்சலாகிவிடுகிறார்.

சட்டம் இல்லாமலில்லை. 2016ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12வது பிரிவு மாதிரி வீட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு, கட்டியவர் ஈடு கொடுக்க வேண்டும். வாங்கியவர் விலக விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஆனால் முன்பணம் கட்டும் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? அதோடு, 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் கட்டும் திட்டத்துக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவிலிருந்து விலக்கு. சந்து பொந்துகளில் எழும் சின்ன அடுக்குமாடிகள் பல இந்த ஓட்டை வழியே நழுவிவிடுகின்றன.

ஆகவே நாம் கேட்கிறோம். மாதிரி வீட்டில் கதவுகளை மாட்டு! விலையில் சேராத ஒவ்வொரு பொருளின் மீதும் "இது கிடையாது" என்று சீட்டு ஒட்டு! உள்ளே நடமாடும் தரை எத்தனை சதுர அடி, குடிதண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு நீர் எங்கே போகும், 2015ல் வெள்ளம் எவ்வளவு நின்றது என்பதை வாசலிலேயே தமிழில் எழுதி வை! 12வது பிரிவை ஒவ்வொரு விற்பனை அலுவலகச் சுவரிலும் தொங்கவிடச் செய்வது சர்க்காரின் கடமை.

வீடு பார்க்கப் போகும் நண்பர்களே! கையில் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். அங்கே போட்டிருக்கும் கட்டிலையும் விடாமல் அளந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு முறை போய்த் தெருவைப் பாருங்கள். விற்பனைக்காரரிடம் கேட்பதற்கு முன் பக்கத்துத் தெருக்காரரிடம் கேளுங்கள். மாதிரி வீட்டின் விளக்குகளை மாலையானால் அணைத்துவிடுவார்கள். நீங்கள் கட்டப்போகும் கடனோ 20 ஆண்டுகளுக்கு அணையாது.