பறிக்கப்பட்ட குழந்தைப் பருவத்திற்கு யார் பொறுப்பு?

பதினாறு வயதுச் சிறுவன் கொடுங்குற்றம் ஒன்றில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போலவே தண்டிக்க வேண்டும் என்ற கூக்குரல் உடனே எழுகிறது. ஆறு வயதில் அவன் எப்படி வாழ்ந்தான் என்று கேட்போர் மிகச் சிலரே.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு அந்தக் கேள்வியை எழுப்பியது. அடி உதை, பாலியல் வன்முறை, தாய் தாக்கப்படுவதைக் காண்பது, வீட்டில் குடிப்பழக்கம், குடும்பத்தில் ஒருவர் சிறைசெல்வது போன்ற துன்பங்களில் நான்கையோ அதற்கு மேலோ குழந்தைப் பருவத்தில் சந்தித்தவர்கள் மதுவுக்கும் போதைக்கும் அடிமையாகும் அபாயமும், தற்கொலைக்கு முயலும் அபாயமும், எத்துன்பமும் அறியாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று அது கண்டறிந்தது. ஆய்வில் பங்கேற்றோர் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு பெற்ற நடுத்தர வர்க்கத்தினர். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இத்தொடர்பை உறுதிசெய்துள்ளன. ஆகவே, தடம்புரளும் இளைஞர்களை ஒரு சாதியோடோ மதத்தோடோ சேரிப்பகுதியோடோ முடிச்சுப் போடுவது அறியாமை அல்ல; அப்பட்டமான வர்க்க வெறுப்பு.

காயப்பட்ட குழந்தைகள் அனைவரும் குற்றவாளிகளாவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரும், விடாமல் தொடரும் பள்ளியும் போக்கை மாற்ற முடியும். அந்த வாய்ப்பை உறுதிசெய்வதே அரசின் கடமை.

மோடி அரசு செய்தது என்ன? சிறார் வயது வரம்பைக் குறைக்க வேண்டியதில்லை என்று நீதிபதி வர்மா குழு 2013இல் தெளிவாகக் கூறியது. அதைப் புறந்தள்ளி, 16 முதல் 18 வயதினரைக் கொடுங்குற்ற வழக்குகளில் பெரியவர்களாகக் கருதி விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 14 வயதுக்குட்பட்ட உழைக்கும் குழந்தைகள் ஒரு கோடிக்கும் மேல். அப்படியிருந்தும், குடும்பத் தொழில் என்ற பெயரில் 14 வயதுக்குட்பட்டோரை வேலையில் ஈடுபடுத்த 2016 திருத்தம் கதவைத் திறந்துவிட்டது. உழைக்கும்போது குழந்தை, தண்டிக்கும்போது பெரியவன்! இதுவே ஆட்சியாளர்களின் நியாயம்.

பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிடைத்தே ஆக வேண்டும். ஆனால், அடுத்த குற்றத்தைத் தடுக்கும் இடம் சிறைக்கூடம் அல்ல. அங்கன்வாடியும் அரசுப் பள்ளியும்தான். அங்கன்வாடி ஊழியர்களுக்கு உரிய ஊதியம், பள்ளிதோறும் மனநல ஆலோசகர், சீர்திருத்த இல்லங்களுக்குப் போதிய நிதி, 2015, 2016 சட்டங்களின் பிற்போக்குப் பிரிவுகளை நீக்குதல் ஆகிய கோரிக்கைகளுக்காக ஜனநாயக சக்திகள் ஒன்றுபட்டுக் குரல் எழுப்ப வேண்டும்.